படகுக்குப் பணம் கட்டும் முன் லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்

கம்பத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அம்மா, மனைவி, தங்கை, பிள்ளைகள் இருவர், நான் என ஆறு பேர் போன ஞாயிற்றுக்கிழமை ஓர் அணைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். ஊஞ்சல், சறுக்கு, பொரித்த மீன் எல்லாம் நன்றாகவே இருந்தன. படகில்தான் ஏமாந்தோம்.

கவுண்ட்டரில் ரொக்கம் மட்டும்தான் வாங்கினார்கள். ஆறு பேருக்கு அரை மணி நேரம், 900 ரூபாய் என்று ரசீது. துறைக்கு இறங்கினால், எங்கள் படகில் ஏற்கெனவே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். படகின் பக்கவாட்டில் ‘எட்டுப் பேர் மட்டும்’ என்று பெயின்டில் எழுதியிருந்தது. கேட்டதற்கு, “சின்னப் பிள்ளைகள் கணக்கில் வராது சார், ஏறுங்கள்” என்றார் ஓட்டுநர்.

பத்துப் பேருக்கு ஏழே ஜாக்கெட். ஐந்து வயது மகளுக்குத் தந்தது பெரியவர்கள் போடுவது. கிளிப் உடைந்துபோய், அந்த இடத்தில் சாக்குத் தைக்கும் சணலால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தது. பிள்ளை தரையிலேயே நின்றாள். நீங்களும் பிள்ளைகளுக்கு இப்படித் தூக்கிப் பாருங்கள். மோவாயைத் தாண்டி ஏறினால் அந்த ஜாக்கெட் தண்ணீரில் பிள்ளையைத் தாங்காது.

எங்கள் ஊருக்கு மேலே மலையேறினால் தேக்கடி. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இந்தப் பக்கத்தில் யாரும் அதை மறக்கவில்லை. ஏறிய வேகத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “டிக்கெட் கிழித்தாயிற்று, தர முடியாது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் இடத்தில் இன்னொரு குடும்பத்தை ஏற்றினார்கள். ஒரே இருக்கைக்கு இரண்டு முறை காசு! அந்தக் குடும்பத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், ஜாக்கெட் இல்லாமலே உட்கார்ந்தார். “வேண்டாம்மா, இறங்குங்கள்” என்று கத்தினேன். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. படகு கரைக்குத் திரும்பும்வரை அம்மா அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

ரசீதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ரசீதின் நகலையும் அந்தச் சணல் முடிச்சின் படத்தையும் கொடுக்கப்போகிறேன்.