மலைச்சாலையில் மூட்டையோடு சைக்கிள்: நாள்பட ஓட்டியபின் ஒரு மதிப்பீடு

எஃகுச் சட்டம், 36 ஸ்போக் சக்கரங்கள், 700×38 டயர், டிஸ்க் பிரேக், பின்னால் கேரியர், அதில் இரண்டு பக்கப் பைகள். ஏற்ற இறக்கம் நிறைந்த நெடும்பயணத்துக்குப் பலரும் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இது. பல பருவங்கள் சுமையோடு ஓடியபின் சட்டத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டியின் எடையை 1 கிலோ குறைக்கப் பணத்தைக் கொட்டுவதும் வீண். காசு போக வேண்டிய இடம் கியர்.

வாங்கும்போது வரும் மிகச் சிறிய கியர் பெரும்பாலும் முன்னால் 34 பல், பின்னால் 34 பல். மூட்டை இல்லாதவருக்கு அது போதும். ஆள், வண்டி, சாமான் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்றால் கணக்கு மாறுகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் அந்தக் கியரில் மணிக்கு 8 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாகப் போகும். 10 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்குக் கிட்டத்தட்ட 225 வாட் வேண்டும். காலையில் ஒரு ஏற்றத்துக்குக் கொடுத்துவிடலாம்; மூன்றாம் நாள் மாலையில் முழங்கால் கணக்குக் கேட்கும். முன்னால் 26, பின்னால் 36 என்று மாற்றினால் அதே 60 சுற்றுக்கு வேகம் 5.7 கி.மீ., தேவை 165 வாட் அளவுதான். அதற்கும் கீழே இறங்குவதில் பெரிய லாபமில்லை. 5 கி.மீ.க்குக் குறைந்தால் வண்டி தள்ளாடத் தொடங்கும், இறங்கித் தள்ளுவதே மேல்.

மாற்றும்போது பின் டெரெய்லரின் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவி) கொள்ளளவைப் பாருங்கள், அதாவது எத்தனை பல் வித்தியாசத்தை அது தாங்கும் என்று. முன்னால் 42-26, பின்னால் 36-11 என்றால் வித்தியாசம் 16ம் 25ம், மொத்தம் 41. டெரெய்லர் அதற்குக் குறைவாகத் தாங்குமானால் முன்னும் பின்னும் சிறிய பல்சக்கரத்தில் இருக்கும்போது செயின் தொங்கும். செயின் நீளத்தை முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். குட்டையாக வெட்டிவிட்டு ஏற்றத்தின் நடுவில் தெரியாமல் அந்தக் கியருக்குப் போனால் டெரெய்லர் பிய்ந்துவிடும்.

தினசரித் திட்டத்தைக் கிலோமீட்டரில் போடாதீர்கள், ஏறும் உயரத்தில் போடுங்கள். அதே 100 கிலோவை மேலே தூக்க மட்டும் 120 வாட் செலவிட்டால் மணிக்கு 440 மீட்டர் உயரம் ஏறலாம். ஆக, 1,500 மீட்டர் ஏற்றம் உள்ள நாளில் ஏறுவதற்கே மூன்றரை மணி நேரம் போகும். சாப்பாடு, ஓய்வு, பஞ்சர் எல்லாம் அதற்கு மேல்.

இறக்கம்தான் வண்டியைத் தின்கிறது. 110 கிலோவோடு 8 சதவீத இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே 20 கி.மீ. வேகத்தில் இறங்கினால் ஏறக்குறைய 400 வாட் வெப்பம் பிரேக்கில் இறங்குகிறது. பயத்தில் மெதுவாக இறங்குபவர் வேகத்தைக் குறைக்கும் காற்றுத்தடையின் உதவியை இழக்கிறார், வெப்பமும் ஆற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகிறது. நேரான பகுதியில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, மறுபடி விடுவதே சரி. பிரேக்கின் பிடிக்கும் கட்டைகளில் (பேட்) ரெசின் வகை சத்தமின்றி நன்றாகப் பிடிக்கும். ஆனால் மழையும் மண்ணும் சேர்ந்தால் கண்முன்னே கரையும். நீண்ட இறக்கங்களுக்கு உலோகப் பேட் நல்லது, கொஞ்சம் கிறீச்சிட்டாலும். ரோட்டர், அதாவது பேட் பிடிக்கும் வட்டத் தகடு, அதை ஏற்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள். சில ரோட்டர்களில் ‘ரெசின் மட்டும்’ என்றே பொறித்திருக்கும். ரிம் பிரேக் வண்டிகளில் ஆபத்து வேறு: சூடான ரிம் டியூபை வெடிக்க வைக்கும்.

அடிக்கடி உடைவது பின் சக்கரத்தின் கேசட் (பின்பல்சக்கரத் தொகுதி) பக்க ஸ்போக். அந்தப் பக்கம் இழுவிசை அதிகம், எடையும் பெரும்பாலும் பின்னால்தான். மாற்று ஸ்போக்கை அந்தப் பக்க நீளத்திலேயே இரண்டு மூன்று வைத்திருங்கள். அதை மாட்டக் கேசட்டைக் கழற்ற வேண்டும், எனவே கேசட் கழற்றும் கருவி இல்லாமல் ஸ்போக் மட்டும் இருந்து பயனில்லை.

செயின் தேய்ந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று காட்டும் அளவுகோல் வாங்குங்கள், விலை சொற்பம். 11 வேகச் செயின் (பின்னால் 11 பல்சக்கரம் உள்ளதற்கானது) 0.5 சதவீதம் நீண்டதும், 9, 10 வேகச் செயின் 0.75ஐத் தொட்டதும் மாற்றிவிட்டால் கேசட் பிழைக்கும். தள்ளிப்போட்டால் புதுச் செயின் பழைய பல்லில் நழுவும், அதுவும் முழு பலத்தோடு மிதிக்கும் செங்குத்து ஏற்றத்தில்.

கேரியரின் எம்5 திருகுகள் அதிர்வில் தளரும். நீல நிற திருகுப்பசை போட்டாலும் சில நாளுக்கொருமுறை சாவியை வைத்துப் பாருங்கள். கனமானதைப் பையின் அடியில், சட்டத்தை ஒட்டி வையுங்கள். இறக்கத்தில் ஹேண்டில் நடுங்கத் தொடங்கினால் முழங்காலால் மேல்குழாயை அழுத்திக்கொண்டு மெல்ல வேகத்தைக் குறையுங்கள். பிறகு நிறுத்தி, பின்னால் உள்ள சுமையில் கொஞ்சத்தை முன்னால் மாற்றுங்கள்.

உதிரிகளில் பலர் விட்டுவிடுவது டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர். பக்கவாட்டில் வண்டி ஒருமுறை விழுந்தாலே அது வளையும். ஒவ்வொரு சட்டத்துக்கும் வடிவம் வேறு என்பதால் வழியில் கிடைக்குமென்று நம்ப முடியாது. புறப்படும் முன்பே ஒன்று வாங்கி, அதன் திருகோடு பையில் போட்டுவிடுங்கள்.