டைமரோடு வரும் டிரிப் செட்: சிவப்பு மூடியை மாற்றினால் வாங்கலாம்

கோலாலம்பூர் கடைகளில் டைமர், கறுப்பு டியூப், சிவப்பு மூடி வைத்த டிரிப்பர்கள் (தண்ணீரைச் சொட்டவிடும் முனைகள்) எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கும் சொட்டுநீர் செட் இது. தொட்டியில் எலுமிச்சை, கொய்யா, லீமாவ் கஸ்தூரி (சிறிய எலுமிச்சை வகை) வளர்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பெட்டியில் உள்ளதை அப்படியே மாட்டினால் மட்டும் சிக்கல்.

குறை அந்தச் சிவப்பு மூடியில்தான். பைப்புக்குப் பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். கடைசித் தொட்டிக்கு ஒழுங்காகச் சொட்டக்கூடச் சொட்டாது. திருகிச் சரிசெய்தாலும், அழுத்தம் மாறினால் அளவும் மாறிவிடும். அழுத்தத்தைத் தானே ஈடுகட்டும் டிரிப்பர், மணிக்கு 4 லிட்டர் வகை, தனியாக வாங்கி மாட்டுங்கள். 50 லிட்டர் தொட்டிக்கு எதிரெதிராக இரண்டு வேண்டும்; ஒன்றே ஒன்று வைத்தால் வேர் ஒரு பக்கம் காய்ந்து கிடக்கும். 15 நிமிடம் ஓடினால் இரண்டும் சேர்ந்து 2 லிட்டர். ஒன்றை ஒரு காலி பாட்டிலில் விட்டு அளந்து பாருங்கள்.

இந்த டிரிப்பருக்குச் சுமார் 1 பார் அழுத்தம் தேவை, அதாவது 10 மீட்டர் உயரத் தண்ணீர். கொண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) மேல்தளத் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் இரண்டு மூன்று மாடிகளில், பம்ப் இல்லாவிட்டால், அது கிடைக்காது. அங்கே சிவப்பு மூடியே தேவலை. டைமரும் பால் வால்வு (ball valve, துளையுள்ள உருண்டை சுழன்று திறக்கும் வால்வு) வகையாக இருக்கட்டும். மின்காந்தத்தால் திறக்கும் சோலினாய்டு வகை குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறக்காது. பால் வால்வில் ஒன்று கவனம்: ஓடும்போது பேட்டரி தீர்ந்தால் வால்வு திறந்தபடியே நின்றுவிடலாம். தீரும் முன்பே மாற்றிவிடுங்கள்.

சல்லடை இல்லாத செட்டை வாங்க வேண்டாம். தண்ணீர்த் தடை முடிந்து பைப்பில் பழுப்பாக வருமே, அந்த மண்தான் டிரிப்பரை அடைக்கும். அன்றைக்கு டியூப்பின் கடைசி மூடியைக் கழற்றி, தெளியும்வரை ஓடவிடுங்கள்.

டைமர் ஓடிய இரண்டு நிமிடத்தில் அடித்தட்டு நிரம்பினால் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று குறைத்துவிடாதீர்கள். தொட்டி மண்ணில் கலந்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். தண்ணீர் அந்த இடுக்கில் வழிந்து ஓடுகிறது, வேருக்குப் போகவில்லை. தொட்டியை அரை மணி நேரம் தண்ணீர் நிறைந்த வாளியில் வைத்து ஊறவிட்டபின் டிரிப்பைத் தொடருங்கள். அடித்தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும்.

மாலையில் மழை கொட்டியது என்று டைமரை நிறுத்திவிட வேண்டாம். அடர்ந்த இலை மழையைத் தொட்டிக்கு வெளியே தள்ளிவிடும், பால்கனிக்குள் சாரல்தான் வரும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, ஈரம் ஒட்டினால் மட்டும் மறுநாள் காலை ஓட்டத்தை நிறுத்துங்கள்.