இழைப்பாசிக்குப் பெயர் சொல்லும் டி.என்.ஏ. சேவை: பாதி நிறைவு

எண்ணூர்க் கழிமுகத்திலும் திருவொற்றியூர்க் கடலோரக் கற்களிலும் படரும் பச்சை இழைப்பாசிகளை இனங்காண, மாதிரிகளைக் கூரியரில் பெற்று மரபணு வரிசையும் பெயரும் தரும் தனியார் ஆய்வகம் ஒன்றைக் கல்லூரித் தேவைக்காக அணுகினேன். ஆய்வகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. மாதிரியை ஃபார்மலினில் இடாமல், உப்புநீர் வடித்துச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி அனுப்பும்படி முன்கூட்டியே தெளிவாக எழுதிவிடுகிறார்கள். சொன்ன தேதியில் அறிக்கையும் வந்துவிடுகிறது.

குழல் வடிவப் பாசிக்கு வந்த முடிவு சரியானது. பழைய நூல்களில் என்டரோமார்ஃபா என்ற பேரினமாக இருக்கும் அதனை, தகடு வடிவப் பாசிகளின் பேரினமான அல்வா (Ulva) என்கிறது அறிக்கை. குழலும் தகடும் மரபணு அடிப்படையில் தனித்தனிப் பேரினங்களாகப் பிரியவில்லை என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. உயிரின வகைப்பாட்டின் முன்னோடியான லின்னேயஸும் அவற்றை ஒரே பேரினமாகத்தான் வைத்திருந்தார். இதை இரண்டு வரியில் விளக்கியிருந்தால் மாணவர்கள் குழம்பியிருக்க மாட்டார்கள்.

பெரிய குறை கிளாடோஃபோரா என்ற கிளைக்கும் இழைப்பாசியில்தான். பசுங்கணிகத்தில் (ஒளிச்சேர்க்கை நடக்கும் செல் உறுப்பு) உள்ள ஆர்பிசிஎல் (rbcL) மரபணுவைப் படியெடுத்துப் பெருக்க முயன்று, அது கிடைக்காததும் 'மாதிரியின் தரம் குறைவு' என்று எழுதி முழுக் கட்டணத்தையும் வசூலித்தார்கள். மாதிரியில் பழுதில்லை. கிளாடோஃபோராவின் அதே வகைப்பாட்டு வரிசையைச் (order) சேர்ந்த பூட்லியா என்ற பாசியில், பசுங்கணிக மரபணுக்கள் வழக்கமான வட்ட வடிவில் இல்லாமல், கொண்டையூசிபோல் மடங்கிய ஒற்றை இழை டி.என்.ஏ. துண்டுகளில் சிதறிக் கிடப்பது 2017-இல் தெரியவந்தது. மரபணுவைப் பெருக்கத் தொடக்கமாக இடும் குறுந்துண்டு டி.என்.ஏ.க்களான வழக்கமான ப்ரைமர்கள் இவ்வகைப் பாசிகளில் பெரும்பாலும் தோற்பதில் வியப்பில்லை. செல்லின் உட்கருவில் உள்ள 18எஸ், 28எஸ், ஐடிஎஸ் என்ற டி.என்.ஏ. பகுதிகளையே முதலில் நாடியிருக்க வேண்டும். நான் வற்புறுத்திய பின் 28எஸ் செய்தார்கள். தெளிவான வரிசை கிடைத்தது.

சுருள் நாடா வடிவப் பசுங்கணிகம் கொண்ட செங்குன்றத்துக் குளத்து ஸ்பைரோகைரா பாசிக்குச் சிற்றினப் பெயரையே எழுதிவிட்டதை ஏற்க முடியவில்லை. பொது மரபணு வரிசைத் தரவுத்தளமான ஜென்பேங்கில் நெருங்கிப் பொருந்திய ஒரு பதிவின் பெயரை அப்படியே எடுத்தாண்டிருக்கிறார்கள். அந்தப் பெயரோ பதிவு செய்தவர் வைத்தது. இப்பேரினத்தில் செல்லின் அகலம், சுருள் நாடாக்களின் எண்ணிக்கை, குறுக்குச் சுவர் மடிந்துள்ளதா என்பவற்றோடு, செல்கள் இணைந்த பின் உருவாகும் தடித்த உறை வித்தான சைகோஸ்போரின் வடிவமும் உறையின் அமைப்பும் தெரியாமல் சிற்றினம் சொல்வது அவசரம். கூடுதல் கட்டணத்தில் தந்த நுண்ணோக்கிப் படங்களில் சுருள்கள் அழகாகத் தெரிகின்றன. ஆனால் அளவுகோல் கோடு இல்லாததால் அகலத்தை அளக்க வழியில்லை.

இதனால் மரபணுவே வேண்டாம் என்பதில்லை. சென்னையின் பாசியியலாளர் எம்.ஓ.பி. அய்யங்கார் 1932-இல் விவரித்த ஃபிரிட்ஷியெல்லா என்ற பாசியை, கிடையிழையும் நேரிழையும் கொண்ட அதன் உடலமைப்பைப் பார்த்து, நிலத்தாவர மூதாதையருக்கு நெருக்கமானதாகப் பலர் எண்ணினர். மரபணு ஒப்பீடோ அதை வேறொரு பசும்பாசிக் கிளையில்தான் சேர்த்தது. மறுபுறம், நீரோட்டமும் வயதும் மாறும்போது கிளைக்கும் விதமே மாறிவிடும் கிளாடோஃபோராவை வடிவத்தை மட்டும் நம்பிப் பிரிப்பதும் கடினம்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். அனுப்புவோர் எந்த மரபணுப் பகுதி, எந்த ப்ரைமர் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்; வரிசை எடுத்த அதே திரளிலிருந்து ஒரு பகுதியை உலர் தாளில் பதித்துக் கையில் வைத்திருக்கட்டும். மீந்த டி.என்.ஏ. குழாயைக் கேட்டால் தனிக் கட்டணமின்றித் திருப்பி அனுப்புகிறார்கள்.