கூலிங் டவருக்கு எந்த மருந்து? முதலில் அமோனியாவைப் பாருங்கள்

கட்டட ஏசியின் சூடேறிய தண்ணீரைக் காற்றில் ஆற்றும் கூலிங் டவரின் அடித்தொட்டியைக் கையுறையோடு தடவிய தம்பி, "அண்ணே, டெஸ்ட்ல குளோரின் காட்டுதே, அப்புறம் ஏன் இப்படி வழுவழுன்னு இருக்கு?" என்று கேட்டான். பதிலைத் தண்ணீரின் பூர்வீகத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சிங்கப்பூரில் டவர்களுக்குப் போகும் மறுபயன்பாட்டு நீரில், அதாவது சுத்திகரித்த கழிவுநீரில், இரண்டு தரம் உண்டு. 2003 முதல் விநியோகமாகும் நியூவாட்டர், நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதா ஒளி மூன்றையும் தாண்டி வருகிறது. அதில் நுண்ணுயிர்களுக்குத் தீனி சொற்பம். ஜூரோங்கில் 1966 முதல் கிடைக்கும் தொழிற்துறை நீர் அவ்வளவு தூரம் சுத்திகரிக்கப்படுவதில்லை. அப்படிப்பட்ட நீரில் அமோனியாவும் பாஸ்பேட்டும் கரிமப் பொருளும் மிஞ்சி நிற்கலாம். நமக்கோ குளிர்காலம் கிடையாது. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகுவது சுமார் 20 முதல் 45 டிகிரிக்குள்; நம் டவர்கள் ஆண்டு முழுக்க அதற்குள்தான் ஓடுகின்றன.

நியூவாட்டர் என்றால் கிருமிகொல்லும் மருந்தாகச் சோடியம் ஹைப்போகுளோரைட்டே (திரவக் குளோரின்) போதும். நீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 8.5-ஐத் தொட்டால் புரோமினுக்கு மாறுவது நல்லது. அந்த நிலையில் குளோரினில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வீரியமான வடிவில் இருக்கும். புரோமினில் பாதிக்கு மேல் இருக்கும். விலை கூடுதல், ஆனால் வேலை நடக்கும்.

அமோனியா உள்ள நீரில் கதையே வேறு. குளோரின் போட்டதும் அது முதலில் அமோனியாவைப் பிடித்துக்கொண்டு குளோரமினாக மாறுகிறது. அமோனியாவை முழுதும் தீர்த்து, தனிக் குளோரினை (அமோனியாவோடு சேராத குளோரினை) நீரில் நிறுத்த வேண்டுமானால் அமோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடையைப்போல் 7.6 மடங்கு எடை குளோரின் தேவை; நடைமுறையில் 8 முதல் 10 மடங்கு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் அந்த நைட்ரஜன் இருந்தால் 40 முதல் 50 மில்லிகிராம் குளோரின். அத்தனையும் குளோரைடாகத் தங்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரிக்கும். இந்த வழியில் பணத்தைக் கொட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குளோரின் டையாக்சைடு அமோனியாவைச் சீண்டாது, பிஎச்சைப் பற்றியும் அதிகம் கவலைப்படாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரைந்த வாயு. டவரில் கொட்டும்போது கணிசமான பகுதி காற்றோடு போய்விடும். நைட்ரைட் இருந்தால் அதுவும் ஒரு பங்கை விழுங்கும். வாயு அடர்ந்தால் வெடிக்கும் என்பதால் அங்கேயே தயாரித்து அப்போதே செலவழிக்க வேண்டும். ஓசோனுக்கும் அங்கேயே தயாரிக்கும் சாதனம் வேண்டும். கரிமப் பொருள் அதையும் தின்றுவிடும்.

எனக்குப் பிடித்தது மோனோகுளோரமின், அதாவது ஒரு குளோரின் மட்டும் சேர்ந்த குளோரமின். எதிரி என்று நினைத்த அமோனியாவையே வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம். நைட்ரஜனைப் போல் 4 முதல் 5 மடங்குக்குள் குளோரினை நிறுத்தினால் போதும். உடனடிக் கொல்லும் வேகம் தனிக் குளோரினைவிடக் குறைவு. ஆனால் நீண்ட நேரம் நிற்கும். நுண்ணுயிர்கள் கட்டும் வழுவழுப்புப் படலத்தின் உள்ளே இறங்கும். ஏசிக்கு நீரைக் குளிர்விக்கும் சில்லரின் குழாயில் நம்மைச் சிரமப்படுத்துவது அந்தப் படலம்தானே. சுண்ணாம்புப் படிவைவிட அது வெப்பத்தை மோசமாகத் தடுக்கும், மின்கட்டணம் ஏறும். லெஜியோனெல்லாவும் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

குறைகளும் உண்டு. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா டவரில் குடியேறினால் நைட்ரைட் உருவாகும், பிஎச் இறங்கும், மருந்து மளமளவென்று மறையும். அதனால் வாரம் ஒருமுறை நைட்ரைட்டைப் பாருங்கள்; ஐசோதயசோலோன் போன்ற வேறு வகைக் கொல்லியை இடையிடையே மாற்றிப் போடுங்கள். பித்தளைப் பாகங்களையும் கவனியுங்கள், அமோனியா அவற்றுக்கு ஆகாது.

சரி, தம்பியின் கேள்வி. குளோரினைச் சோதிக்கும் டிபிடி பொடியைப் போட்டதும் வந்த இளஞ்சிவப்பைத் தனிக் குளோரின் என்று எழுதிவைத்திருந்தான். சில நிமிடம் தாமதித்தாலே மோனோகுளோரமினும் மெல்ல நிறம் கொடுக்கும். அவன் டீ குடித்துவிட்டு வந்து படித்த எண் அது! உடனே படித்தோம், கிட்டத்தட்ட பூஜ்யம். மொத்தக் குளோரினுக்கான (தனிக் குளோரினும் குளோரமினும் சேர்ந்தது) பொடியைச் சேர்த்தோம், நிறம் ஏறியது. ஆக மருந்து இருந்தது, படலத்துக்குப் போதுமான அளவில் இல்லை. மறுநாள் முதல் அவன் குறிப்பேட்டில் தனி, மொத்தம், அமோனியா என்று மூன்று கட்டங்கள் போட்டான்.