யு வடிவத் தலையணையா, இலவம்பஞ்சுத் தலையணையா?

கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் மல்லாந்து படுத்தால் சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயைக் கர்ப்பப்பை அழுத்துவதுதான் காரணம். அதனால்தான் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள்.

ஆன்லைனில் வாங்கிய யு வடிவத் தலையணை முதுகையும் வயிற்றையும் ஒருசேரத் தாங்கியது. எந்தப் பக்கம் புரண்டாலும் சரி. ஆனால் காட்பாடியில் மே மாதம்! வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் பாலியஸ்டர் பஞ்சு உடம்பைச் சுற்றிக் கிடந்தால் கழுத்தெல்லாம் வேர்வை. ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழும்போது அதிலிருந்து வெளியே வருவதே ஒரு வேலை. கட்டிலில் பாதி அதற்கே போனது. வீட்டுக்காரர் பாய்க்கு இறங்கிவிட்டார்.

அம்மா குடியாத்தத்திலிருந்து இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை கொண்டுவந்தார். ஒன்று முழங்கால்களுக்கு நடுவே, இன்னொன்று முதுகுக்கு. வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய நூல் புடவை. அவ்வளவாகச் சூடு ஏறவில்லை. வெயிலில் காயப்போட்டால் புசுபுசுவென்று உப்பிவிடும். புரண்டால் எல்லாம் கலைந்துவிடும், அதுதான் தொல்லை.

என் ஓட்டு இலவம்பஞ்சுக்கு. மார்கழிப் பிரசவம் என்றால் யு வடிவத்தை யோசிக்கலாம். அப்புறம், அந்தப் புடவையைத் துவைத்து வையுங்கள், தூளிக்கு ஆகும்.