அல்னிகோ 2, அல்னிகோ 5: பழைய பாணி ஹம்பக்கர்களின் நாதம்

ஹம்பக்கர் என்பது இரைச்சலைக் குறைக்க இரட்டைக் கம்பிச்சுருள் கொண்ட மின்கிட்டார் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் உறுப்பு). 1950களின் நடுவில் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கரைப் பின்பற்றி இன்று செய்யப்படும் பிக்கப்புகளில், கம்பிச் சுற்று ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும், அடியில் உள்ள காந்தம் அல்னிகோ என்னும் காந்த உலோகக் கலவையின் 2ஆம் வகையா, 5ஆம் வகையா என்பதைப் பொறுத்து நாதம் மாறுகிறது. (தொடக்ககாலப் பிக்கப்புகளிலேயே வெவ்வேறு அல்னிகோ வகைகள் கலந்து பயன்பட்டதால், ஒன்றை மட்டும் ‘அசல்’ என்பது விளம்பரப் பேச்சே.)

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சிறிய அறைக்குள் குறைந்த ஒலியளவில் வாசிப்பவருக்கு அல்னிகோ 2 இதமாக இருக்கும். அதன் காந்த விசை குறைவென்பதால் மீட்டலின் முதல் வீச்சு மென்மையாக எழுகிறது. உச்ச ஒலிகள் காதைக் குத்துவதில்லை. தந்தியை வளைத்துக் கமகம் பிடிக்கும்போது நடு ஒலிகள் வாய்ப்பாட்டுக்கு நெருங்கி வருகின்றன. ஆயினும் கனத்த தந்திகள், அதுவும் கிட்டாரின் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில், சற்றே கலங்கி ஒலிக்கின்றன.

ஏற்காட்டு விடுதியொன்றின் புல்வெளியில் டிரம்ஸும் பேஸும் சூழ வாசிக்கும்போது அந்த மென்மை கரைந்துவிடும். அங்கே இறுகிய கீழ் ஒலியும் தெளிந்த உச்சமும் கொண்ட அல்னிகோ 5தான் முன்னே நிற்கும். பிரிட்ஜ் (உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்கத்துக்கு நான் தயங்காமல் இதையே தேர்வேன். ஆனால் ஒலியளவை உயர்த்தி வாசிப்பவர், எந்தக் காந்தமானாலும், மெழுகில் தோய்த்த பிக்கப்பையே வாங்க வேண்டும், தோய்க்காததன் சுருள் அதிர்ந்து கீச்சிடக்கூடும்.