மெட்டாவின் ஏ/பி டெஸ்ட்டா, மாவட்டம் பிரித்துப் பார்ப்பதா?

ஆன்லைனில் புடவை விற்கும் ஒரு கடைக்கு விளம்பர வேலை பார்க்கிறேன். கொட்டுகிற பணத்துக்கு உண்மையில் விற்பனை வருகிறதா என்று பார்க்க எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவே தரும் ஏ/பி டெஸ்ட் ஒன்று; இரண்டு விளம்பரங்களை இரண்டு கூட்டத்துக்குத் தனித்தனியாகக் காட்டி எது ஜெயிக்கிறது என்று பார்ப்பது. சில மாவட்டங்களில் விளம்பரத்தை நிறுத்தி, மற்றவற்றில் ஓடவிட்டு ஒப்பிடுவது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதற்கு மாறிவிட்டோம்.

ஏ/பி டெஸ்ட்டின் வசதி தெரிந்ததுதான்: தனிச் செலவில்லை, சில நாளில் முடிவு வந்துவிடும். சிக்கல் உள்ளே இருக்கிறது. மெட்டா ஆட்களைக் குலுக்கல் முறையில்தான் இரண்டாகப் பிரிக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாதியிலும் யார் கண்ணில் விளம்பரம் படவேண்டும் என்பது அல்காரிதத்தின் கையில். கல்யாணப் பட்டு ஒரு கூட்டத்துக்குப் போகும், ஆபீஸ் காட்டன் வேறொரு கூட்டத்துக்குப் போகும். பட்டு ஜெயித்தால், விளம்பரம் நன்றாக இருந்ததாலா, வாங்கும் ஆட்களாகப் பார்த்துக் காட்டியதாலா? நம்மால் பிரித்துப் பார்க்க முடியாது. வயது, பாலினம் வாரியாக ரிப்போர்ட் கிடைக்கும். அல்காரிதம் கணக்கில் எடுத்த மற்றவை அதில் வராது.

இது வெறும் சந்தேகமில்லை. 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஃபேஸ்புக்கில் வேலை விளம்பரங்களை ஒரே டார்கெட்டிங்கில், அதாவது ஒரே வகை ஆட்களைக் குறிவைத்து, ஓட்டிப் பார்த்தார்கள். மரம் வெட்டும் வேலை பெரும்பாலும் ஆண்களுக்கும், சூப்பர்மார்க்கெட் கேஷியர் வேலை பெரும்பாலும் பெண்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்படிப் பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அப்புறம் லேர்னிங் ஃபேஸ், அதாவது யாருக்குக் காட்டுவது என்று அல்காரிதம் கற்றுக்கொள்ளும் ஆரம்பக் கட்டம். ஓர் ஆட் செட் (ஒரே டார்கெட்டிங்கில் ஓடும் விளம்பரத் தொகுப்பு) நிலைப்பட வாரத்துக்குச் சுமார் 50 கன்வர்ஷன் (வாங்குவது போல நாம் எதிர்பார்க்கும் செயல்) வேண்டும் என்பது மெட்டாவின் கணக்கு. சின்னக் கடையின் பட்ஜெட்டை டெஸ்ட்டுக்காகப் பாதியாக்கினால் இரண்டு பக்கமும் 'லேர்னிங் லிமிடெட்' (கற்கப் போதிய கன்வர்ஷன் இல்லை) என்றே நிற்கும்.

மாவட்டம் பிரித்தால் அல்காரிதம் உள்ளே என்ன செய்தாலும் கவலையில்லை. மெட்டாவின் எண்ணைத் தொடாமல், கடையின் பில்களைப் பின்கோடு வாரியாகக் கூட்டுகிறோம். ஆன்லைன் விற்பனைத் தளமான ஈபே இந்த வழியில்தான் 2012இல் அமெரிக்காவின் சில பகுதிகளில் கூகுள் தேடல் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது; விற்பனை பெரிதாகக் குறையவில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. கூகுள் விளம்பரத்தில் இப்படிச் செய்தால், எந்த ஊரில் காட்டுவது என்பதற்கான டீஃபால்ட் செட்டிங், அந்த ஊரில் இருப்பவர்களோடு அதில் 'ஆர்வம் உள்ளவர்களையும்' சேர்த்துக்கொள்ளும். அதை மாற்றாவிட்டால், நிறுத்திய மாவட்டத்தில் இருப்பவரும் விளம்பரத்தைப் பார்ப்பார். தீபாவளி, ஆடித் தள்ளுபடிச் சமயத்தில் இந்தச் சோதனையைத் தொடவே கூடாது. சென்னைக்கு ஜோடியாக வைத்து ஒப்பிட அதைப் போன்ற இன்னொரு மாவட்டம் கிடையாது, அதனால் அதை வெளியே வைத்துவிட்டோம். ஆர்டர் குறைவான கடைக்கு இந்த முறை எந்த அளவுக்குப் பிடிகொடுக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். சிலருக்கு விளம்பரத்தைக் காட்டாமல் வைத்து மற்றவர்களோடு ஒப்பிடும் மெட்டாவின் கன்வர்ஷன் லிஃப்டும் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

எந்தப் படம் நன்றாக ஓடும் என்று பார்க்க இன்றும் ஏ/பி டெஸ்ட்தான் ஓட்டுகிறேன். பட்ஜெட்டை ஏற்றுவதா இறக்குவதா என்ற பேச்சு வந்தால் மட்டும் அந்த ரிப்போர்ட்டை முதலாளியிடம் காட்டுவதில்லை.